மேட்டுத் தெருவின் ஆழமான குழி

வள்ளித்தாயைக் கோவில்பட்டி மேட்டுத் தெருவில் கட்டிக்கொடுத்ததற்கு ஒரே காரணம், அந்தத் தெருவில் குழாய் இருந்ததுதான். மாப்பிள்ளை உக்கிரபாண்டியின் முகத்தைப் பார்த்து யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். உக்கிரமெல்லாம் பேரோடு சரி. தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளுக்கு மருந்து முக்குகிற வேலை. விரல் நுனியெல்லாம் சிவப்பு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். ஆனால் தரகர் கெட்டிக்காரர். பசுவந்தனைக்குப் பக்கத்தில், ஆடும் மனுசரும் ஒரே ஊருணியில் குடித்துக்கொண்டிருந்த கிராமத்தில் வந்து உட்கார்ந்து, வள்ளித்தாயின் அப்பாவிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, மாப்பிள்ளையை விடும். திருகினா தண்ணி! வீட்டு வாசலைத் தாண்டினா குழாய். ஒம்ம மக குனியக்கூட வேண்டாம்."

அப்பா மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் குழாய்க்குச் சம்மதம் சொன்னார்.

தரகரைக் குற்றம் சொல்லக் கூடாது. வள்ளித்தாய் வாழவந்த புதிதில் மேட்டுத் தெருக் குழாய் அவள் நெஞ்சு உயரத்துக்கு நின்றது உண்மைதான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பிடிக்கலாம். ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு தூரம் கரிசல் காட்டைக் கடந்து வந்து, மேட்டிலும் ஏறி, வளையல் போட்ட கைக்கு முன்னால் கொட்டியது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கோவிலுக்குப் போவதற்கு முன் குழாயைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிறகு ஊர் வளர்ந்தது. தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின. மில்லுக்கு வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்டினார்கள். போன வருஷம் பருத்தி விளைந்த காட்டில் இந்த வருஷம் கல் நட்டு, 'நகர்' என்று பேர் வைத்தார்கள். அதே தண்ணீரை அத்தனை பேருக்கும் பங்கு வைத்ததில், ஊர் வளர வளரக் குழாய் குனிய ஆரம்பித்தது. நெஞ்சு உயரத்தில் வேகம் போனதும் அதை இடுப்பளவுக்கு அறுத்தார்கள். அதிலும் வராமல் போனதும் முழங்காலுக்கு. வள்ளித்தாயின் மகள் முத்துச்செல்வி நடக்கப் பழகிய காலத்தில் குழாயும் அவளும் ஒரே உயரம். அப்புறம் மகள் வளர்ந்தாள், குழாய் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தபோது தெருவே பாயசம் வைத்தது. வீட்டுக் குழாய் ஒரு வாரம் தண்ணீர் விட்டது, அதன்பின் காற்று விட்டது. மேலே ஏறி வர முடியாத தண்ணீரை என்ன செய்வது? மனுசர்கள் கீழே இறங்கினார்கள். வாசற்படிக்கும் சாக்கடை ஓடுகிற வாறுகாலுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில், வீட்டுக்கு ஒரு குழி வெட்டி, பைப்பை அதன் அடியில் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தானே வரும்? யார் குழி ஆழமோ அவர்களுக்கு நிறையும். இவர் முழங்கால் அளவு வெட்டினால், அடுத்தவர் இடுப்பளவு. அவர் இடுப்பளவு வெட்டிய செய்தி வந்ததும் எதிர் வீட்டுக்காரர் நெஞ்சளவு.

தொண்ணூறுகளின் கடைசியில், தண்ணீர் விடுகிற நாளில் மேட்டுத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர் பயந்துபோவார். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆனால் தரைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும். திடீரென்று மண்ணிலிருந்து ஒரு கை முளைத்து நிறைகுடத்தை மேலே வைத்துவிட்டு மறையும். பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை, தெரு இப்படி உயிரோடு புதைந்து எழுந்தது.

இதில் கல்யாணசுந்தரியின் குழி கழுத்தளவு. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீடு. சுற்றிலும் சிமெண்டு பூசி, இரும்பு மூடி போட்டு, மூடிக்குப் பூட்டும் போட்டிருந்தாள். தெருவில் நகையைப் பூட்டிவைக்காத வீடுகள்கூட இருந்தன. வள்ளித்தாயின் வீடோ மேட்டின் உச்சியில். அவர்கள் குழி இடுப்பளவு. தண்ணீர் விடுகிற நாளில் பைப்பு வாயில் காது வைத்தால் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான். அப்புறம் வள்ளித்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாணசுந்தரி வீட்டு வாசலில் நிற்பாள்.

"கொஞ்சம் இருட்டி, எங்களுக்குப் போகத்தான்" என்பாள் கல்யாணசுந்தரி. கெட்டவள் இல்லை. போகத்தான் என்றால் போகக் கொடுப்பாள். அண்டா, டிரம், வாளி, சட்டி, கடைசியில் குழந்தையின் பால் டம்ளர் வரை நிரம்பிய பிறகு, அடியில் கலங்கியதை வள்ளித்தாயின் குடத்தில் ஊற்றுவாள்.

முத்துச்செல்வியைக் கடம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை இசக்கிராஜாவுக்குச் சின்னதாக ஒரு கடை. வீட்டுக்குப் பின்னால் கிணறு. தன் அப்பா குழாயைப் பார்த்துப் பெண் கொடுத்ததுபோல வள்ளித்தாய் கிணற்றைப் பார்த்துப் பெண் கொடுத்தாள். அதில் தப்பு நடக்கவில்லை. தப்பு, மகள் உண்டாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நேரம் வந்தபோது ஆரம்பித்தது.

சம்பந்தி சுடலையம்மாள் பேச வந்தாள். ஒரு கையில் போளிப் பொட்டலம், மறு கையில் தண்ணீர்க் கேன்.

"மதினி, தப்பா நெனச்சிராதீங்க. அனுப்ப மாட்டேம்னு நான் சொல்லல. பிள்ளை பெத்தவளுக்கு நொச்சியிலை போட்டுக் கொதிக்க வச்சு, அண்டா அண்டாவாத் தண்ணி ஊத்தணும்லா? எத ஊத்துவீங்க?"

"என்ன மதினி இப்படிக் கேக்குதீங்க? என் மகளுக்கு நான் ஊத்தாமயா போவேன்?"

"ஊத்துவீங்க, ஊத்துவீங்க. போன தடவை வந்தப்ப எனக்குக் குடிக்கக் கொண்டாந்தது செம்புல பாதி. கொறை சொல்லல மதினி. பாத்துட்டு, இந்தத் தடவை நானே கொண்டாந்துட்டேன். அவிய வீட்டுக்கு நாம எதுக்குப் பாரம்னு."

போளியை வைத்துவிட்டு, கேனில் மிச்சம் இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எது விலை கூடியது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை.

வள்ளித்தாய் அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூப்பிட வக்கில்லாதவள் என்று ஊர் பேசுவது ஒரு பக்கம். அதைவிட வேறொன்று அவளை அரித்தது. முத்துச்செல்வி பிறந்து வளர்ந்த வீட்டில் ஒருநாள்கூடத் தலை நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளித்ததில்லை. ஒரு வாளியில் தலையை நனைத்து, அந்த அழுக்குத் தண்ணீரைச் சட்டியில் பிடித்து, அதில் துணி அலசி, அதையும் செடிக்கு ஊற்றிய வீடு அது. பிள்ளை பெற்ற உடம்புக்காவது, போதும் போதும் என்று மகள் கத்துகிற அளவுக்கு ஊற்றிவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏங்க, குழியை ஆள் ஆழத்துக்கு வெட்டணும்" என்றாள்.

உக்கிரபாண்டி கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டினா?" என்றார்.

"தண்ணி வரும்."

"கீழ இருக்கவங்களுக்கு?"

"கீழ இருக்கவங்க நமக்கு யோசிச்சாங்களா?"

உக்கிரபாண்டி ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தார். கரிசல் மண் வெயிலில் இரும்பு மாதிரி இறுகி, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெட்ட வெட்ட வெடிப்பும் கூடவே கீழே இறங்கியது. பைப்பையும் நீட்டி அடியில் இறக்கினார். நெஞ்சளவு போனதும் நின்று, குழியின் ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, இந்தப் பக்கம் மண்ணு ஈரமா இருக்கு."

வள்ளித்தாய் குனிந்து பார்த்தாள். உண்மைதான். வாறுகால் ஓடுகிற பக்கச் சுவரில், கரிசல் மண் மினுமினுவென்று கறுத்து, விரல் வைத்தால் ஒட்டியது.

வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பாள். மழையைக் காலண்டரில் மட்டும் பார்த்து வளர்ந்த சீமையில் பிறந்தவளுக்கு ஈரம் என்றால் ஒரே அர்த்தம்தான். வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சூடமும் குங்குமமும் எடுத்து வந்தாள். ஈரமான இடத்தில் பொட்டு வைத்து, குழிக்குள் சூடம் காட்டினாள்.

"தோண்டும்போதே ஈரம் காட்டுது பாருங்க. தண்ணி வருத நேரம் வந்துருச்சு."

உக்கிரபாண்டி ஏதோ சொல்ல வந்தார். அவர் சொல்ல வருவதற்குள் அவள் சூடத்தட்டை நீட்டிவிட்டாள். ஒற்றிக்கொண்டு, மேலும் வெட்டினார்.

அடுத்துத் தண்ணீர் விட்ட நாளில் வள்ளித்தாயின் குழி திமுதிமுவென்று நிறைந்தது. அவள் குழிக்குள் நின்றுகொண்டு குடம் குடமாகத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள்; உக்கிரபாண்டி வாங்கி வாங்கி வைத்தார். கீழே கல்யாணசுந்தரி வீட்டுக் குழியில் 'புஸ்' என்றது.

"ஏட்டி வள்ளித்தாயி! எங்க தண்ணியை எல்லாம் நீயே உறிஞ்சுதியே, ஒனக்கே நல்லாருக்கா?"

குழிக்குள்ளிருந்து பதில் வந்தது: "ஒங்க தண்ணின்னு பேரு வெட்டி வந்துச்சாக்கா? எவர்சில்வர் பானையில வெட்டுத மாதிரி?"

"வாய் ஆழமாத்தான் போச்சு."

"குழியும்தான்."

அன்று சாயங்காலம் கல்யாணசுந்தரி, வேறு வழி இல்லாமல், குடத்தோடு வள்ளித்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வள்ளித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்து, "இருங்கக்கா, எங்களுக்குப் போகத்தான்" என்றாள். அந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே குழி வெட்டியிருந்தாலும் தகும். அப்புறம் மனசு கேட்காமல் நல்ல தண்ணீரே ஊற்றினாள். அவள் வாழ்க்கையில் பெரிய மனுஷியாக இருந்தது அந்த மாதம் மட்டும்தான்.

சேதி கேட்டுச் சுடலையம்மாள் வந்தாள். இந்த முறை கேன் கொண்டுவரவில்லை. குழியை எட்டிப் பார்த்தாள். அண்டாக்களை வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஒரு கை அள்ளிக் குடித்து, கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோதுகூட வள்ளித்தாய்க்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"இனிக்கத்தான் செய்யுது" என்றாள் சுடலையம்மாள். "வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க."

முத்துச்செல்வி கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாள். வள்ளித்தாய் அவளைத் தரையில் நடக்கவிடவில்லை. மகளுக்கென்று தனியாக ஒரு மண்பானை. குழித் தண்ணீரை வேட்டித் துணியை மடித்து வடிகட்டி, சீரகம் போட்டு வைத்தாள். பக்கத்து வீட்டில், கோவிலில், எங்கேயும் ஒரு மடக்குக் குடிக்கவிட மாட்டாள்.

"எம்மா, தாகமே இல்லைம்மா. சும்மா சும்மா குடுக்குதியே."

"குடிட்டி. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது கேட்டப்ப எல்லாம் இல்லைன்னு சொன்னேம்லா. இப்பக் குடி."

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. தெருவே இறங்கி நின்று நனைந்தது. வாறுகால் நிறைந்து, வெடிப்புகளில் புகுந்து, அன்று குழியின் இரண்டு பக்கமும் ஈரம் காட்டியது. வள்ளித்தாய் சந்தோஷப்பட்டாள். அடுத்த வாரங்களில் தெருப் பிள்ளைகள் சோற்றைப் பார்த்து முகம் சுளித்தன. கண் வெளுப்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டது. மஞ்சள் காமாலை, வெயில் சூடு என்றார்கள். பெரியவர்கள் சிலரும் படுத்து எழுந்தார்கள். முத்துச்செல்வி வாந்தி எடுத்தபோது யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி வாந்தி எடுப்பதற்கா காரணம் தேடுவார்கள்? கண் மஞ்சளித்த பிறகு கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று உக்கிரபாண்டி, யாரும் கேட்காமலே, முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னார். அதற்குள் மகளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. உள்ளூரில் பார்த்துவிட்டு உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

அங்கே டாக்டர் அம்மா கேட்டார்: "எந்தத் தண்ணி குடிச்சாங்க?"

"எங்க வீட்டுத் தண்ணிதாம்மா" என்றாள் வள்ளித்தாய். "வேற எங்கயும் ஒரு சொட்டுக் குடிக்க விடல. எங்க குழிதான் தெருவுலயே ஆழம்." அந்த இடத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. வாய் பழகிவிட்டது.

"குழி பக்கத்துல சாக்கடை போகுதா?"

வள்ளித்தாய்க்குக் குங்குமப் பொட்டு வைத்த இடம் கண் முன்னால் வந்தது.

"இந்தக் காமாலை மத்தவங்களுக்கு வந்தா படுத்து எந்திரிச்சிருவாங்க. மாசமா இருக்கவங்களுக்குத்தான்..." என்று சொல்லி டாக்டர் அம்மா நிறுத்திக்கொண்டார்.

பிள்ளை பிழைத்தது. பெண் குழந்தை. முத்துச்செல்வி பிழைக்கவில்லை.

உடல் கடம்பூருக்குப் போனது. கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினார்கள். தலை நிறையத் தண்ணீர் விழுவதை வள்ளித்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடலையம்மாள் திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். சுடலையம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும்தான் குடிச்சுப் பாத்தேன் மதினி. நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, எழுந்திருக்கும்போது, "பிள்ளை இங்கனயே இருக்கட்டும்" என்றாள்.

மேட்டுத் தெருவுக்கு நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி வந்து, குழிகளை மூடச் சொல்லி அறிவித்தார்கள். வெள்ளைப் பொடி தூவினார்கள். திருநீறு பூசியதுபோலக் குழிகளெல்லாம் சுத்தபத்தமாக நின்றன. தெரு அறிவிப்பை மதித்து எல்லாக் குழிகளையும் மூடியது, பலகையால். தண்ணீர் விடுகிற நாளில் பலகையைத் திறந்துகொண்டது.

மண் போட்டு மூடியது வள்ளித்தாய் மட்டும்தான். வீட்டில் நிறைந்து கிடந்த அண்டாக்களை எல்லாம் அதில் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளினாள். உக்கிரபாண்டி மிதித்துக் கெட்டிப்படுத்தினார். ஆழமான குழி போய்விட்டதால், பள்ளம் தேடிய தண்ணீர் அடுத்த ஆழத்துக்குப் போனது. கல்யாணசுந்தரியின் குழி மறுபடி ததும்பியது. தெருவே அங்கே குடத்தோடு நின்றது.

கல்யாணசுந்தரியின் மகள் கிருஷ்ணப்ரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

வள்ளித்தாய் போய்ச் சொன்னாள்: "அக்கா, மூடிருங்க. ஒங்க குழி ஓரத்துலயும் வாறுகால்தான் போவுது."

"எங்களது சிமெண்டு போட்ட குழிட்டி. ஒன்னோடது மாதிரி மண்ணு இல்ல."

"சிமெண்டு குழிக்குக்கா. பைப்புக்கு? தண்ணி வராத நாளெல்லாம் பைப்பு வாயைத் திறந்துக்கிட்டு எதைக் குடிக்குதோ, அதைத்தான நமக்குக் கக்குது. நம்ம எல்லாக் குழியும் ஒரே பைப்புலதான் இருக்கு."

கல்யாணசுந்தரி இரக்கப்பட்டாள். இரக்கப்பட்டுக்கொண்டே, "வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீடு, ஒன் வாயால ஒண்ணும் சொல்லாத தாயி. போ" என்று கதவைச் சாத்தினாள்.

அடுத்துத் தண்ணீர் விட்ட நாள், காலை வெயில் ஏறிய நேரம். கல்யாணசுந்தரி பூட்டைத் திறந்து இரும்பு மூடியைத் தூக்கியதும், வரிசையில் நின்ற வள்ளித்தாய், குடம் இல்லாத கையோடு, விறுவிறுவென்று முன்னால் வந்து குழிக்குள் இறங்கினாள். இறங்கி, சேலையைச் சுருட்டிக்கொண்டு, யாரும் மொள்ளக் கூடாது என்பதுபோல, பைப்பு வாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, என்னட்டி செய்யுத?"

பைப்பு முதலில் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு தெளிந்து, தண்ணீர் அவள் மடியில் கொட்ட ஆரம்பித்தது.

"தாயி, ஏறி வாட்டி. நல்லா இருப்ப."

"பாவம், மகளைப் பறிகுடுத்தவ. புத்தி பேதலிச்சுப் போச்சு."

"பேதலிச்சா அவ வீட்டுக் குழியில உக்கார வேண்டியதான?"

"அதைத்தான் மண்ணைப் போட்டுத் தூத்துட்டாளே."

உக்கிரபாண்டியைக் கூப்பிட ஆள் போனது; அவர் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தார். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. தெரு தவித்தது. இரக்கம் ஒரு பக்கம் இருக்க, பதினைந்து நாள் காத்திருந்த தண்ணீர் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தூக்கிவிடலாம் என்று கை நீட்டினார்கள், அவள் கொடுக்கவில்லை. இழுத்தால் குழியில் விழுந்து அடிபடும் என்றார்கள். கடைசியில் யாரோ ஒருத்தி, தயங்கித் தயங்கி, வள்ளித்தாயின் தோள் பக்கமாகக் குடத்தை விட்டு மொண்டாள். அவ்வளவுதான். அப்புறம் எல்லோரும் மொண்டார்கள். முதுகுப் பக்கம் ஒரு வாளி, மடிப் பக்கம் ஒரு குடம். அவள் சேலைத் தலைப்பு மிதந்து வந்தபோது அதை மரியாதையாக ஒதுக்கிவிட்டு மொண்டார்கள்.

வாசற்படியில் கிருஷ்ணப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, எனக்கு இந்தத் தண்ணி வேண்டாம்மா."

கல்யாணசுந்தரி திரும்பாமலே நின்றாள். கையில் இருந்த நிறைகுடம் சரிந்து வழிந்தது. வழிந்ததை அவள் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் அது நடந்ததே இல்லை.

"உள்ள போய் அடுப்பைப் பத்த வை" என்றாள், தாழ்ந்த குரலில். "கொதிக்க வச்சே தாரேன். இனி எப்பவும் கொதிக்க வச்சுத்தான்."

அதைக் கேட்டு, குழிக்குள் இருந்தவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"தாயி," என்றாள் கல்யாணசுந்தரி, அண்டாவுக்கு அடுத்த குடத்தை நீட்டிக்கொண்டே, "காலைக் கொஞ்சம் ஒதுக்கு."

வள்ளித்தாய் ஒதுக்கினாள்.